பார்த்தவர் பெயர்

பாப்பா,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் உன் அம்மா போனில் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் கூட இரண்டு சேர்த்துச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூர் பஸ் ஏறிப் போன மறுநாள் காலை, உன் பழைய மேலாளர் முரளிக்கு நான் போன் போட்டேன். திட்டுவதற்குத்தான். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதி வைத்திருந்தேன். 'என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட வாயால் என் பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது' என்பது முதல் வரி. மற்ற நான்கும் அதைவிடக் காரம். கண்ணாடி முன் நின்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. மணி அடித்தது, எடுத்தார். "சொல்லுங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றார், அந்த வெண்ணெய்க் குரலில். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவனும், முப்பது வருஷமாகப் பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டி, ஊரில் பாதிப் பேரோடு சண்டை போட்டுப் பழகியவனுமாகிய நான் கேட்டேன்: "சாப்டீங்களா சார்?"

சாப்பிட்டாராம். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். ஆச்சு என்றேன். திருவண்ணாமலையில் மழை உண்டா என்றார். மழை கம்மி, வெயில்தான் ஜாஸ்தி என்றேன். வைத்துவிட்டேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா தலையை நிமிர்த்தாமலே, "நல்லா கிழிச்சீங்க. அடுத்த தடவ இலை போட்டு வச்சிட்டு கூப்பிடுங்க, பாவம் பசியோட இருக்கப் போறாரு" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். என் வாய்க்கு இல்லாத தைரியம் என் கைக்குக் கொஞ்சம் உண்டு. நாலு பக்கம் வரும் போலிருக்கிறது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், எழுத்துப்பிழையைப் பார்த்துச் சிரிக்காமல் படி. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக நீ என்னை ஒன்று கேட்டாய். "முரளி சாரு எழுதின புது ப்ரோகிராம் கோடுல ஓட்டை இருக்கறது எனக்கு மட்டும்தான் தெரியும்பா. நான் பார்க்காத மாதிரி ஓகே போட்டுட்டா இன்னா?" நான் என்ன சொன்னேன்? "தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?" என்றேன். முரளியிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் உன்னிடம் தண்ணீர் எடுத்தாயா என்று கேட்டதும் ஒரே வாய்தான். வெள்ளிக்கிழமைக்குள் நீ முடிவு சொல்லியாக வேண்டும். இன்றைக்குப் புதன். அதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன்.

மன்னித்துவிடு, மறந்துவிடு என்று அப்பா எழுதுவான் என்று எதிர்பார்த்தால் இப்போதே போனைக் கவிழ்த்து வை. நான் மன்னிக்கவில்லை. அந்த ஆளுக்குப் பெரிய சாபம் போட எனக்குப் பழக்கமில்லை, சின்னச் சின்னதாகப் போடுகிறேன். முகத்தில் சோப்புப் போட்ட நேரத்தில் குழாயில் தண்ணீர் நிற்கட்டும். லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கட்டும். கோயில் கோபுரத்தைத் தாண்டி டிவிஎஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒன்று போட்டுவிட்டுத்தான் போகிறேன். சாமிக்கே சலித்துப்போயிருக்கும்.

அந்த ஆள் நம் வீட்டுக்கு வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வர வேண்டும் என்று மனைவியோடு வந்தார். உன் அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள், இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டார். "உங்க பொண்ணு எங்க டீமுக்கே ஒரு முத்து சார்" என்றார். நான் அதை ஒரு மாதம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். மலை சுற்றக் கிளம்பியவர் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் கால் கொப்புளித்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டார். நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தேன். பாதிச் சுற்று. அடுத்த வாரம் ஆபீஸில் எல்லோருக்கும் விபூதி கொடுத்து, மலையை முழுதாகச் சுற்றியதாகச் சொன்னார் என்று நீ வந்து சொன்னபோது நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அந்த ஆளின் வேலை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உன் வேலை என்னவென்று எனக்குப் புரிய நாலு வருஷம் ஆயிற்று. நம் ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டாரைப் போனிலேயே போட்டு அணைக்கிற பெட்டி ஒன்றை உன் கம்பெனி செய்கிறது, அதுவரை தெரியும். கீழ்பென்னாத்தூர் பக்கம் பத்துப் பன்னிரண்டு பெட்டி நானே மாட்டியிருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன மூளை இருக்கிறது, அதன் அடியிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிற 'கெர்னல்' என்று ஒன்று இருக்கிறது, அதற்கு எழுதுகிற கோடில் ஏதாவது தப்பாகப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை என்று நீ சொன்னபோது, தப்பு நடப்பதற்கு என்று தனியாக எழுதுவார்களா என்று கேட்டேன். நீ சொன்ன உதாரணம் எனக்கு இன்னும் மனப்பாடம். "அப்பா, நீ சித்தப்பாவ எண்ணெய் வாங்க கடைக்கு அனுப்புற. அவரு வந்து கடை மூடியிருக்குனு சொல்றாரு. நீ அத காதுலயே வாங்காம, அவரு கையில இருக்கற காலி பாட்டில சட்டியில கவுத்துட்டு அடுப்ப பத்த வைக்கிற. அதான்பா எர்ரர் பார்க்காத கோடு." உன் சித்தப்பாவை வைத்து அதைவிடப் பொருத்தமாக யாரும் விளக்க முடியாது.

முரளியின் முதல் கோடு அந்தக் காலி பாட்டில்தான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பெட்டி ஒரு சென்சாரைக் கேட்கிறது. சென்சார் பதிலே சொல்லாவிட்டால், கடைசியாக அது எப்போதோ சொன்ன பதிலை எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டுகிறது. நீ அதைப் பார்த்தாய். 'சென்சார் பதில் சொல்லாவிட்டால்?' என்று பக்கத்தில் எழுதிக் கேட்டாய். 'அப்படி நடக்காது' என்று இரண்டே வார்த்தையில் அவர் பதில் எழுதினார். மேலாளர் ஆயிற்றே என்று நீ ஓகே போட்டாய். அங்கேதான், பாப்பா, உன் பக்கத்துத் தப்பு. நீயே என்னிடம் ஒத்துக்கொண்டாய், நான் அதை வைத்து உன்னைக் குத்தவில்லை. ஆனால் பெட்டி ஊருக்கு வந்தது, கோடை வந்தது, சென்சார் பதில் சொல்லவில்லை, மோட்டார்கள் தண்ணீர் இல்லாமல் ஓடி எரிந்தன. கூட்டத்தில் முரளி, 'பார்த்தவர்' என்ற இடத்தில் உன் பெயர் இருப்பதைக் காட்டி, "பார்த்தவங்க பொறுப்பா பார்த்திருக்கணும்" என்றார். தன் இரண்டு வார்த்தையைப் பற்றி மூச்சு விடவில்லை. நீ எடுத்துக் காட்டியபோது, சந்தேகம் இருந்தால் ஓகே போட்டிருக்கக் கூடாது என்றார்கள். உன்னை அந்த டீமிலிருந்து தூக்கி, எல்லா டீமின் கோடையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற, யாரும் விரும்பாத வேலைக்குத் தண்டனையாக அனுப்பினார்கள். நீ வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தச் சுவரை நான் இப்போதும் பார்க்கிறேன். குழாயில் தண்ணீர் நிற்கட்டும் என்பதெல்லாம் அதற்குத்தான்.

அந்தக் கோடையில் எரிந்த முதல் மோட்டார் யாருடையது தெரியுமா? உன்னிடம் நான் சொல்லவில்லை. கீழ்பென்னாத்தூரில் கடலை போடுகிற நம் ஏழுமலையுடையது. உன் கம்பெனிப் பெட்டி என்று மார் தட்டி நானே அவர் போர்க்கிணற்றில் மாட்டினேன். எரிந்த மோட்டாரை மேலே எடுத்தபோது அவர் திட்டவில்லை. "உன் பொண்ணு கம்பெனி பெருசுதான், மெக்கானிக். எனுக்குத்தான் மோட்டார் ராசி இல்ல" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். ராசி என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது என்ன என்று எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாமல் உன் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

நீ ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தாய். ஏழுமலைக்கும் அவர் அண்ணன் தர்மலிங்கத்துக்கும் அப்போது ஒரே கிணறு, ஒரே மோட்டார், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். தர்மலிங்கத்துக்கு இன்னொரு நிலமும் அதில் தனி போரும் உண்டு. ஏழுமலைக்கு அந்தக் கிணறு மட்டும்தான். ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில், இருபது பேர் நடுவில், தர்மலிங்கம் என்னைப் பார்த்து, "பத்தாவது பெயிலானவன் கையில மோட்டார குடுத்தா ஸ்க்ரூதான் திருடுவான்" என்றான். நான் ஸ்க்ரூ திருடியதில்லை. பத்தாவதில் பெயிலானது உண்மை. கூட்டம் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

பத்து நாள் கழித்து மோட்டார் அடிக்கடி நிற்கிறது என்று அவனே கூப்பிட்டான். போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஓவர்லோடு ரிலே என்று ஒன்று இருக்கும். மோட்டார் தாங்க முடியாமல் கரண்ட் இழுத்தால் அதுதான் பட்டென்று நிறுத்தும். 'ஐயோ, முடியவில்லை' என்று மோட்டாருக்காகக் கத்துகிற வாய் என்று வைத்துக்கொள். அது அடிக்கடி நிறுத்துகிறதே என்ற எரிச்சலில், தர்மலிங்கம் தானே ஒரு துண்டுக் கம்பியை வைத்து அந்த ரிலேயைச் சுற்றிவிட்டிருந்தான். வாயைக் கட்டிவிட்டான். அதிலும் அரைகுறை, கம்பி ஒரு பக்கம் தளர்ந்து அவ்வப்போது நின்றுகொண்டிருந்தது. நான் செய்ய வேண்டியது, அந்தக் கம்பியைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்து, 'இது இருந்தால் மோட்டார் எரியும்' என்று சொல்வது. நான் செய்தது, அந்தக் கம்பியின் தளர்ந்த முனையை நன்றாக முறுக்கி இறுக்கினேன். மூடியை மூடினேன். "எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அந்த மாதமே ஒரு நாள் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய், மிச்ச இரண்டில் மோட்டார் கத்திக் கத்தி எரிந்தது. எனக்குச் சேதி வந்தபோது டவுனில் இருந்தேன். பரோட்டாக் கடைக்குப் போய் உட்கார்ந்து நாலு பரோட்டா சாப்பிட்டேன், பாப்பா. அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. மறுநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். தர்மலிங்கம் கிணற்றடியிலேயே இல்லை. தன் போரிலிருந்து பைப் போட்டுத் தன் பங்கு வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டிருந்தான். அவன் கடலை பச்சையாக நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஏழுமலையின் கடலை, காய் பிடிக்கிற நேரம், இலை சுருண்டு கிடந்தது. அண்ணன் அவருக்குத் தண்ணீர் விடவில்லை. மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி நான் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தார், உள்ளே பருப்பு இல்லை. "சீக்கிரமா கட்டிக் குடுத்தியே மெக்கானிக், நல்லா இருப்ப" என்றார் என்னைப் பார்த்து. என்னை ஒரு வார்த்தை சொல்லாத ஆள்.

இத்தனை வருஷத்தில் உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. நான் எரிக்க நினைத்தது ஒருவனை, எரிந்தது இன்னொருவர். இப்போது உன் கையில் இருக்கும் மூடியும் அதே மூடிதான். சனிக்கிழமை நீ ஹாலில் பிளாஸ்டிக் சேர் மேல் லேப்டாப்பை வைத்துக் காட்டினாயே, முரளியின் புதுக் கோடு: பெட்டி முதலில் மோட்டாரைப் போடுகிறது, அப்புறம் சென்சாரைக் கேட்கிறது, சென்சார் பதில் சொல்லாவிட்டால் 'எர்ரர்' என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறது. போட்ட மோட்டாரை அணைக்காமல் திரும்பிவிடுகிறது. கதவைத் திறந்துகொண்டு போனவன் பாதியில் திரும்பினால் கதவை மூடிவிட்டு வர வேண்டாமா? நான் கம்பத்தில் ஏறினால்கூட, வேலை பாதியில் நின்றால், கடைசியில் செய்ததை முதலில் பிரித்து, ஏறின வரிசைக்கு நேர் எதிராக ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டுதான் இறங்குவேன். இந்த ஆளுக்கு இறங்கவும் ஆட்டோ வேண்டும். தண்ணீர் இல்லாத போரில் மோட்டார் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். இந்த முறை எழுதியவர் பெயர் பெரிதாக நிற்கும், பழி அவருக்குத்தான் போகும், அவர் எதிர்பார்க்கிற பெரிய பதவி போகும் என்று நீ சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை எனக்குத் தெரியும். பரோட்டாக் கடைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

பழைய பெட்டிக்குப் பதிலாக உன் கம்பெனி புதிது தருகிறது. எங்கள் பக்கத்தில் முதல் பெட்டி ஏழுமலை போருக்குத்தான் வருகிறது. மாட்டப்போகிறவன் நான்.

அதனால் ஓகே போடாதே. ஆனால் சும்மாவும் விடாதே. நான் செய்தது கோழைப் பழி. மூடியை மூடிவிட்டு ஒதுங்கி நிற்கிற பழி. நீ மூடியைத் திறந்து வைத்துப் பழி வாங்கு. கோடுக்குப் பக்கத்தில் நீ எழுதுகிற எதையும் யாராலும் அழிக்க முடியாது, அந்தக் கோடு இருக்கிற வரைக்கும் இருக்கும், நாளை வருகிறவர்களும் படிப்பார்கள் என்று நீதானே சொன்னாய்? அதைக் கேட்டபோது எனக்குச் சாமி வந்த மாதிரி இருந்தது. எழுது. அதே கேள்வியை, அதே வார்த்தையில், ஒரு எழுத்து மாற்றாமல் எழுது: 'சென்சார் பதில் சொல்லாவிட்டால்?' கீழே பழைய கேள்வி எங்கே இருக்கிறது, அதற்கு அவர் எழுதின இரண்டு வார்த்தை என்ன, எல்லாவற்றையும் காட்டு. திட்டாதே, ஆச்சரியக்குறி போடாதே, சார் என்றே எழுது. அவர் ஒரு ஓட்டையை அடைத்துக் கொண்டுவந்தால் அடுத்த ஓட்டையைக் காட்டித் திருப்பி அனுப்பு. இல்லாத தப்பைச் சொல்லாதே, இருக்கிற தப்பில் ஒன்றையும் விடாதே. இந்த முறை அந்த ஆள் மலையை முழுதாகச் சுற்ற வேண்டும், கொப்புளத்தோடு, வெறுங்காலில், உன் கண் முன்னால். எங்கேயும் ஆட்டோ நிறுத்தாதே. எல்லாம் சரியான பிறகு 'பார்த்தவர்' என்ற இடத்தில் உன் பெயரைப் போடு. தன் கோடு நன்றாக ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் கீழே உன் பெயரையும் பார்க்கட்டும். பதவி போனவன் இரண்டு வருஷத்தில் மறந்துவிடுவான். இதை மறக்க மாட்டான்.

அந்தத் தண்டனை வேலைக்கு உன்னை அனுப்பியவர்களே இன்றைக்கு உன் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் சின்னப்புத்தி என்பாய். சின்னப்புத்திதான். நான் ஏழுமலையிடம் போய்க் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை போகிறேன். நீ வெள்ளிக்கிழமை எழுதிவிட்டால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும். போய் அவரிடமும் 'சாப்டியா' என்று கேட்டுவிட்டுத் திரும்பி வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. பஸ் ஸ்டாண்டில் உன் கேள்வி காதில் சரியாக விழுந்தது. பதில் தெரியாமல் நான் தண்ணீர் பாட்டிலைக் கேட்கவில்லை. பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை உள்ளே தள்ளத்தான் பாட்டிலைக் கேட்டேன். ஏழுமலை, அவர் போர், சுருண்டுபோன அந்தக் கடலை எல்லாம் நினைவில் இருக்கும்போதே, உன் தட்டும் அந்தச் சுவரும் கண்ணில் வந்து நிற்க, தர்மலிங்கத்தின் ஸ்டார்ட்டர் மூடியை மூடும்போது என் வாய்க்குள் இருந்த அதே சொல்தான் மறுபடி வந்தது. பஸ் பெங்களூர் ரோடு பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எரியட்டும்.